ஆனைமலையில் ஒரு மிளகாய்க் கணக்கு

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"சென்னை."

"எங்கே போறீங்க?"

"டாப்ஸ்லிப்."

"எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான்."

"பையில என்ன?"

ஏதோ சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஆனைமலையில் ஒரு சின்ன மெஸ்ஸில், பசியோடு பெஞ்சில் உட்கார்ந்த அடியேனிடம் முதலாளி கேட்ட கேள்விகள் இவை. பதில் திருப்தியாக இருந்தால்தான் இலை போடுவார் போலிருந்தது. "ஒரு லுங்கி, டூத் பிரஷ், படிக்காத புத்தகம் ஒண்ணு" என்று உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஒரு சாப்பாடு... அனுப்பலாம்!"

அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது!

சுவரைப் பார்த்தேன். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. மலைப் பாதைகளில் 'வன விலங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்று நிற்குமே, அதே பலகை, அதே எழுத்து. ஆனால் வாசகம் வேறு: 'இலையில் மீதம் வைப்பது குற்றம். மீறுவோருக்கு மறுசோறு கிடையாது.'

பக்கத்தில் இளநீர்க் கடைக்காரர் ஒருவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே காதருகில் சொன்னார்: "பயப்படாதீங்க. முப்பத்து நாலு வருஷம் காட்டுல இருந்தவருங்க. யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்பாரு. என்னையத் தினமும் கேட்கறாரு!"

* * *

நான் ஆனைமலைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியில் பி.காம். காலத்து நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசம். (அவன் ஆடிட்டர் ஆனான், வீடு கட்டினான். நான் எழுத்தாளன் ஆனேன், மொய் எழுதினேன்.) இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, அப்படியே டாப்ஸ்லிப்பையும் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். பொள்ளாச்சியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தென்னை, தென்னை, மேலும் தென்னை. நடுநடுவே பரம்பிக்குளம் - ஆழியாறுத் திட்டத்து வாய்க்கால். எதிரே நீலமாக ஒரு மலைச் சுவர்.

அந்தச் சுவருக்கு இப்பால் இருக்கிற ஊர் ஆனைமலை. அதைத் தாண்டினால் அடிவாரத்தில் சேத்துமடை, வனத்துறைச் சோதனைச் சாவடி, அப்புறம் காடு. நான் ஆனைமலையில் இறங்கும்போது மணி இரண்டு. "இனிமே போயி எப்பங்க திரும்பறது? காலைல போங்க" என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டார்கள். வயிறு வேறு கூப்பிட்டது. அப்படித்தான் அந்த மெஸ்ஸில் நுழைந்தேன்.

ஆனைமலை என்றால் உங்களுக்கு மாசாணியம்மன் ஞாபகம் வரும். ஆழியாறும் உப்பாறும் சேருகிற இடத்தில், படுத்த கோலத்தில் இருக்கிற அம்மன். இந்தக் கோயிலில் ஒரு விசேஷம். பொருள் களவு போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், போலீஸிலும் கோர்ட்டிலும் நம்பிக்கை இழந்தவர்கள் இங்கே வந்து, ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்பு செய்தவனுக்கு எங்கே இருந்தாலும் எரியுமாம். நியாயம் கிடைத்ததும் மறுபடி வந்து எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும். வழக்கு, விசாரணை, தீர்ப்பு, எல்லாம் ஒரு கைப்பிடி மிளகாயில்! வக்கீல் ஃபீஸ் கிடையாது.

இந்த மிளகாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் பேசினார். "என்ற பேரை டிரான்ஸ்ஃபர் ஆர்டர்ல பார்த்துப் பார்த்தே சலிச்சுப் போச்சுங்க." ஊருக்குள் எல்லோருக்கும் அவர் 'பாரஸ்டர்'தான். கடைக்கு என்ன பெயர் எழுதினாலும் அது 'பாரஸ்டர் மெஸ்'தான்.

1980-ல் வனக் காப்பாளராகச் சேர்ந்தார். மத்திய அரசு வனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும் அதே 1980-ல். "சட்டமும் நானும் ஒரே பேட்ச்சுங்க. அது இன்னும் சர்வீஸ்ல இருக்குது. நான் ரிட்டயர் ஆயிட்டேன்." வைகை அணைப் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி, பிறகு வனவராகப் பதவி உயர்வு, ஏழு இடமாற்றம். 2014-ல் 58 வயதில் ஓய்வு.

"டாப்ஸ்லிப்ல கலீம்னு ஒரு கும்கி இருந்துச்சு, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு 2023-ல மரியாதையெல்லாம் செஞ்சு ரிட்டயர்மென்ட் குடுத்தாங்க. வயசு 60. எங்களுக்கு அப்போ 58 தானுங்க. யானைக்கு ரெண்டு வருஷம் ஜாஸ்தி!"

"உங்களுக்கும் இப்ப அறுபது ஆக்கிட்டாங்களே சார்?"

"2021-லங்க. நான் அப்போ சாம்பாருக்குத் தாளிச்சுட்டு இருந்தேன்."

யானைகளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். சின்னத்தம்பியை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் பிடித்து, டாப்ஸ்லிப்பை ஒட்டிய வரகளியாறு காட்டில் விட்டார்களே, அந்த யானை. விட்ட இடத்தில் நிற்காமல் இறங்கி, உடுமலைப் பக்கம் வரை நடந்தே வந்து, பிப்ரவரியில் மறுபடி பிடிபட்டு, கடைசியில் கும்கியாகிவிட்டது. "எனக்கும் ஏழு டிரான்ஸ்ஃபருங்க. வாயை மூடிக்கிட்டுப் போய் ஜாயின் பண்ணினேன். அது ஒரே டிரான்ஸ்ஃபருக்கு 'போகமாட்டேன்'னு திரும்பி வந்திடுச்சு பாருங்க... அந்தத் தைரியம் எனக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்று அண்டாவை மூடினார்.

* * *

காட்டில் இருந்தவருக்கு ஓட்டல் எப்படி?

இரவு ரோந்து போகிறவர்களுக்கு மலைமேல் முகாம்கள் உண்டு. அங்கே யார் சமைப்பது என்பது தினசரிப் பிரச்னை. இவர் கை கொஞ்சம் ருசியான கை. அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம், புளித்தண்ணி. நாலு கிலோ அரிசியும் ஒரு பை வெங்காயமும் இருந்தால் எட்டுப் பேருக்கு மூன்று நாள் ஓட்டுவாராம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. தெரு நாய்கள் குழம்பிவிட்டன. மனைவி ஒரு நாள், "இங்க யானையும் இல்லை, கள்ளனும் இல்லை. ஏதாச்சும் பொளப்பப் பாருங்க" என்றார். 2015-ல் வாடகைக்கு ஒரு கடையைப் பிடித்தார்.

முதல் மூன்று மாதம் ஈ ஓட்டினார்.

"சமையல் சரியில்லையா சார்?"

"சமையல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆளுதான் சரியில்லை" என்றார், தன் நெஞ்சைத் தொட்டு. "முப்பத்து நாலு வருஷமா இந்தச் சனங்ககிட்ட நான் சொன்னது ஒரே வார்த்தைங்க. 'கூடாது.' ஆடு மேய்க்கக் கூடாது. விறகு எடுக்கக் கூடாது. உள்ள போகக் கூடாது. திடீர்னு ஒரு நாள் இலையைப் போட்டு, 'வாங்க, என்ன சாப்பிடறீங்க'ன்னு கேட்டா? ஒருத்தனும் உள்ள வரலை. வந்தவன் ஒருத்தன், நான் அவன் ஆட்டைப் பிடிச்சு அபராதம் போட்ட ஆளு. நேரா வந்து, 'இன்னைக்கு என்ன கூடாதுங்க சார்?'னு கேட்டுட்டுப் போயிட்டான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் சமையல் கட்டிலிருந்து ஓர் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். கையெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. "அந்த அருவாக் கதையைச் சொன்னீங்களா?" என்றார்.

"நீயே சொல்லு அம்மிணி. நான் சொன்னா பாதியை மறைச்சுட்டேன்ம்பே."

* * *

1994. அந்த அம்மாவுக்கு முப்பது வயது. இரண்டு குழந்தைகள். கேஸ் அடுப்பெல்லாம் பணக்கார வீட்டுச் சமாசாரம். (அரசாங்கம் இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது 2007 வாக்கில்தான்.) காட்டோரம் போய்க் காய்ந்த சுள்ளி பொறுக்கி, ஒரு சுமை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தால் பாதி வீட்டுக்கு, பாதி விற்பனைக்கு. அன்றைக்கு எதிரே வந்தார் பாரஸ்டர். ஒதுக்குக் காட்டில் விறகு எடுப்பது குற்றம். சுமை பறிமுதல், அருவாள் பறிமுதல், அபராதம்.

"விறகு போனாப் போகட்டும், நாளைக்குப் பொறுக்கிக்கலாம். அருவா போச்சுங்களே கண்ணு! அது எங்கய்யன் குடுத்தது. அன்னைக்கு ராத்திரி அடுப்பே பத்த வைக்கலை. புள்ளைங்க தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துதுங்க. வெள்ளிக்கிழமை நேரா கோயிலுக்குப் போயி அரைச்சேன் பாருங்க மிளகா... கை ரெண்டு நாள் எரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பத்தே நாளுல இந்தச் சாரு பைக்ல இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு!"

"அது ரோட்டுக் குழிங்க" என்றார் பாரஸ்டர் அவசரமாக.

"குழி அதுக்கு முந்தியும் அங்கதான் இருந்துச்சு. முன்னால ஏன் விழலை?"

இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிற விவாதம் போலிருக்கிறது. நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. எனக்கும் கால் வேண்டும்.

கடை திறந்த மூன்றாவது மாதம் இந்த அம்மா வாசலில் வந்து நின்றாராம். வேலை கேட்டு வந்தாரோ, வம்பு கேட்டு வந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. முதல் கேள்வி: "என் அருவா எங்கீங்க?"

பறிமுதல் செய்த பொருள் பதிவேட்டில் ஏறி, ஆபீஸுக்குப் போய், எங்கேயோ துருப்பிடித்திருக்கும். பாரஸ்டர் பதில் சொல்லவில்லை. கடையைப் பூட்டினார். கொல்லன் பட்டறைக்குப் போனார். ஒரு புது அருவாளோடு திரும்பி வந்தார். அந்த அம்மா அதை வாங்கி, விரலால் கூர் பார்த்து, "அது இதை விட நல்லா இருக்கும்" என்றார். பிறகு உள்ளே போய்த் தேங்காய் உடைத்துச் சட்னி அரைத்தார். அன்றிலிருந்து இங்கேதான்.

அடுத்த அமாவாசைக்கு அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு நடந்தது. கால் ஒடிந்தது தண்டனைதானாம், நியாயம் அல்லவாம். அதனால் 21 வருஷமாகக் காப்பு செய்யாமலே வைத்திருந்தார். எங்கள் பாஷையில் சொன்னால், 1994-ல் ஆரம்பித்த கணக்கு 2015-ல்தான் டேலி ஆனது.

"எண்ணெய் யார் காசு?" என்று கேட்டேன். பி.காம். புத்தி!

"ஆளுக்குப் பாதி" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

அவர் வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் ஊர் உள்ளே வர ஆரம்பித்தது. 'அந்தம்மாவே சாப்பிடுது, நமக்கென்ன' என்று ஆடு பறிகொடுத்தவரும் வந்தார்.

அந்த அம்மா உள்ளே போனதும் பாரஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னதையும் எழுத வேண்டும். "சட்டப்படி நான் செஞ்சது சரிங்க. தினமும் நாற்பது அருவா உள்ள போச்சுன்னா காட்டோரம் மொட்டையாயிடும், அதுவும் நெசம். ஆனா அதே மாசம் ஒரு லாரி தேக்கு ராத்திரில இறங்கிப் போச்சு. அதை எங்களால பிடிக்க முடியலை. மாசக் கடைசில கேஸ் கணக்குக் காட்டணுமே? தலைச்சுமைதான் கணக்குல ஏறுச்சு. கால் எதுக்கு ஒடிஞ்சுதுன்னு நான் சண்டை போடறது சும்மாங்க."

* * *

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கொள்ளுப் பருப்பு கடைந்தது, கீரைக் கடைசல், தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, செலவு ரசம், மோர். எல்லாம் விறகடுப்புச் சமையல். ஆனால் காட்டு விறகு ஒரு குச்சி கூட உள்ளே வராது. தேங்காய் மட்டை, தேங்காய்த் தொட்டி, பாளை, காய்ந்த தென்னமட்டை, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத் தோப்புகளில் மலைமலையாகக் கிடக்கிறது. "காட்டு விறகு தர்றேன், விலை கம்மி" என்று ஒருவன் ராத்திரியில் வந்தானாம். அந்த நாள் பாரஸ்டராக இருந்தால் கேஸ். இந்த நாள் பாரஸ்டர் அவனுக்கு ஒரு தோப்புக்காரரை அறிமுகம் செய்துவைத்து, "மட்டையைக் கொண்டா, நான் வாங்கிக்கறேன்" என்றிருக்கிறார். இன்றும் அவன்தான் சப்ளை.

இன்னொரு ரகம் உண்டு. கூலிங் கிளாஸ், பெரிய கார், நாலு பேர். கண்ணடித்துக்கொண்டே, "காட்டுப்பன்னி கிடைக்குமா? உங்களுக்குத் தெரியாத ஆளா?" என்பார்கள். கல்லாப்பெட்டியில் பழைய விசில் ஒன்று வைத்திருக்கிறார். எடுத்து ஊதி, 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லிக் காட்டுவாராம். பாதியிலேயே கார் கிளம்பிவிடுமாம். 'கூடாது' என்ற வார்த்தை இப்போது அந்த ஒரு இடத்தில்தான் புழக்கத்தில் இருக்கிறது.

கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சுமார் நூற்றுப்பத்துச் சாப்பாடு, எண்பது ரூபாய் விலை. வாடகை, சாமான், நாலு பேர் கூலி கழித்தால் அவருக்கு மிஞ்சுவது ஆயிரம் ரூபாய்க்குள். நான் உற்சாகமாகிவிட்டேன். விலையை நூற்றிருபது ஆக்குங்கள், பக்கத்துக் கடையையும் எடுங்கள், கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு 'வனவர் விருந்து' என்று ஸ்பெஷல் போடுங்கள் என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். லாபம் மூன்று மடங்கு!

பேப்பரை நிதானமாகப் பார்த்தார். "ஏனுங்க, இங்க சாப்பிடறது யாரு? தென்னை ஏறறவன், மட்டை உரிக்கறவன், வாய்க்கால் வேலைக்காரன். நூத்தியிருபதுன்னா அவன் டீயும் பன்னும் தின்னுட்டுப் போயிடுவான். காட்டுல ஒரு கணக்கு உண்டுங்க. வருஷத்துல எவ்வளவு வளருதோ அவ்வளவுதான் வெட்டணும். அதுக்கு மேல வெட்டினா அது வரவு இல்லை, முதல்ல கை வைக்கறது. நாளைக்கு டாப்ஸ்லிப் போறீங்கள்ல? ஹ்யூகோ வுட் சமாதியைப் பார்த்துட்டு வாங்க. அவருகிட்டக் கேளுங்க."

மூன்று வருஷம் படித்து வாங்கிய பட்டத்தில் 'முதலில் கை வைக்காதே' என்ற பாடம் முதல் செமஸ்டரிலேயே இருந்தது. நான்தான் மறந்துவிட்டேன்.

* * *

மறுநாள் காலை சேத்துமடையில் முறைப்படி பதிவு செய்துகொண்டு மலை ஏறினேன். "நீங்களும் வாங்களேன் சார்" என்று கூப்பிட்டதற்கு, "மத்தியானம் நூத்திப்பத்துப் பேரு வருவாங்க. டூட்டியை விட்டுட்டு எப்படி?" என்றுவிட்டார்.

வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி மலை உச்சியிலிருந்து சரித்து விடுவார்கள். அதனால்தான் டாப்ஸ்லிப் என்று பெயர். பம்பாயில் கப்பல் கட்டவும், பிறகு ரயில் பாதைக்குக் கட்டையாகவும் போன மரங்கள். அப்படியே விட்டிருந்தால் மலை மொட்டை. வுட் என்ற வன அதிகாரி 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கே வந்து, அடி மரத்தை விட்டு வெட்டினால் தேக்கு மறுபடி துளிர்க்கும் என்று முறைப்படுத்தி, காலி இடமெல்லாம் நட்டார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்து விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்தார். அவர் ஆசைப்படியே அந்தத் தேக்குகளுக்கு நடுவே புதைத்திருக்கிறார்கள். 'என் நினைவுச் சின்னம் வேண்டுமா, சுற்றிலும் பார்' என்று பொருள்படும் லத்தீன் வரி கல்லில் இருக்கிறது.

சுற்றிலும் பார்த்தேன். மார்கழிக் கடைசி. நெடுநெடுவென்று தேக்குகள், தரையெல்லாம் முறம் போல உதிர்ந்த இலை. யாரும் பேசவில்லை. பாரஸ்டர் முந்தின நாள் சொன்ன ஒரு வரி ஞாபகம் வந்தது: "58-ல என்னைய வெட்டிட்டாங்க. வேரை விட்டு வெச்சிருந்தாங்க போல, துளிர்த்துட்டேன்." சொல்லும்போது அவர் பார்வை சமையல் கட்டுப் பக்கம் இருந்தது.

காலடியில் உருண்டையாக ஒரு தேக்கு விதை கிடந்தது. ஞாபகார்த்தமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

* * *

திரும்பி மெஸ்ஸுக்கு வரும்போது மூன்று மணி. கூட்டம் போய்விட்டது. பாரஸ்டரும் அந்த அம்மாவும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரசத்தில் உப்பு கூடவா குறைவா என்று வாக்குவாதம். எனக்கு ஒரு சாப்பாடு எடுத்து வைத்திருந்தார்கள்.

"எங்கேயிருந்து வர்றீங்க?" என்றார் பாரஸ்டர், தலை நிமிராமல்.

"டாப்ஸ்லிப் சார்."

"பையில என்ன?"

நான் பொய் சொல்லத் தெரியாதவன். (வருமான வரி தவிர.) விதையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

சாப்பாட்டுக் கையை அந்தரத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். புலிகள் காப்பகத்திலிருந்து ஒரு சருகைக் கூட எடுத்து வரக் கூடாதாம். இடது கையால் விதையை எடுத்து, கல்லாப்பெட்டிக்குள் விசிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "பறிமுதல். நாளைக்கு மேல போற டிரைவர்கிட்டக் குடுத்து, எடுத்த இடத்துல போடச் சொல்லிடறேன்."

"சார், ஒரே ஒரு விதை..."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொன்னாங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து வந்து என் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"விடு கண்ணு. கோயில் பக்கத்துலதான் இருக்குது. சாப்பிட்டுட்டுப் போயி ஒரு கை மிளகா அரைச்சுட்டு வா!"

பாரஸ்டர் தன் காலை மெதுவாக மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.